கண்ணும் கருத்தும்

ஒரு காரியத்தைச் செவ்வையாகச் செய்கிறவரைப் பார்த்து, ‘கண்ணும் கருத்துமாகச் செய்கிறார்’ என்று பாராட்டுவது நம்மவர் வழக்கம். குற்றம் செய்து அகப்பட்டுக்கொண்டவனைப் பற்றிச் சொல்லும்போதோ, ‘கையும் களவுமாகப் பிடிபட்டான்’ என்கிறோம். இவ்விரு தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்நாளில் சாலைகளில் நிகழும் ஒரு பெருந்துன்பத்தின் இயல்பும், அதற்கு நாம் கண்டிருக்கும் மருந்தின் குறையும் ஒருங்கே விளங்கும். வண்டி ஓட்டுவதற்கு வேண்டுபவை கண்ணும் கருத்தும். கைப்பேசித் தடைச் சட்டம் தேடிப் பிடிப்பதோ கையையும் களவையுமே.

நான் தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இன்று வாழ்வது யமுனைக்குக் கிழக்கே, மயூர் விகாரில். கிருத்திகைதோறும் இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குப் போய்வருவது வழக்கம். நானே ஓட்டிய காலம் போய், இப்போது பின் இருக்கையில் அமர்ந்து செல்கிறேன். பின் இருக்கையில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு: அவன் சாலையை மட்டுமல்லாமல், சாலையில் செல்லும் மனிதர்களின் முகங்களையும் பார்க்கலாம். நிஜாமுத்தீன் பாலத்திலிருந்து வளையச்சாலைக்குத் திரும்பும் இடத்தில் வண்டிகள் ஊர்ந்து செல்லும் மாலை நேரத்தில், ஓட்டுபவர்களில் பலருடைய கண்கள் மடியை நோக்கித் தாழ்ந்திருப்பதைக் காண்கிறேன். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைப்பேசியைச் செருகிக்கொண்டு, கழுத்தை ஒருபுறம் சாய்த்தபடி ஸ்கூட்டர் ஓட்டிச் செல்வோரும் உண்டு. தலையைக் காக்க வந்த கவசம் கைப்பேசியைத் தாங்கும் மாடமாகிவிட்டது!

நம் மொழியில் ‘பராக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. கவனமின்றி இங்குமங்கும் பார்த்துக்கொண்டிருப்பதைப் ‘பராக்குப் பார்த்தல்’ என்கிறோம். அரசர் வரும்போது கட்டியக்காரன், ‘எச்சரிக்கை’ என்னும் பொருளில் ‘பராக்! பராக்!’ என்று கூவியதும் இதே சொல்தான். கவனக்குறைவுக்கும் கவனித்தலுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது வியப்பே. ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால், பராக்குப் பார்ப்பவன் எதையும் கவனிக்காதவன் அல்லன். கவனிக்கவேண்டியதை விட்டு வேறொன்றைக் கவனிப்பவன். கைப்பேசியோடு வண்டி ஓட்டுபவனும் அத்தகையவனே. அவனிடம் கவனம் இருக்கிறது. அது சாலையில் இல்லை.

கிராமத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. சந்தையிலிருந்து திரும்பும் வண்டிக்காரர் நுகத்தடியோரம் சாய்ந்து கண்ணயர்ந்தாலும், காளைகள் வழியறிந்து வீட்டு வாசலில் வந்து நிற்கும். அங்கே ஓட்டுபவர் ஒருவர் மட்டுமல்லர். அறிவுள்ள உயிர்கள் மூன்று. மோட்டார் வந்தபின் அந்த மூன்று அறிவும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. வேகமோ பல மடங்கு பெருகிவிட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. வந்திருக்கும் செய்தியைப் படிக்க ஐந்து நொடி கண்ணைத் தாழ்த்தினால், எண்பது மீட்டருக்கு மேற்பட்ட சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும். அந்த எண்பது மீட்டரில் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். பேருந்திலிருந்து இறங்கும் ஒரு முதியவர் இருக்கலாம்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதல்களில் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. முதல் முறை அகப்பட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் அகப்பட்டால் சிறை ஈராண்டு வரை நீளலாம். அபராதம் 10,000 ரூபாய். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, ஓட்டுபவரின் கவனம் கலையாத வகையில் வழி காண்பதற்கு மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு விலக்கு அளித்தது. சட்டம் வேண்டியதே. எனினும் அதன் சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள்: ‘கையில் பிடிக்கும் கருவி’ என்பதே அதில் உள்ளது. கையிலிருந்து கருவியை எடுத்துவிட்டால் கருத்து தானே சாலைக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை அச்சொற்களுக்குள் மறைந்திருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டார்கள். கனடாவில் டொரண்டோ நகரில் ரெடல்மையர், டிப்ஷிராணி என்னும் இருவர், விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை விபத்து நேர்ந்த வேளையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1997-இல் முடிவை வெளியிட்டனர். பேசிக்கொண்டு ஓட்டும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமுற்று மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை ஆராய்ந்தவர்களும் 2005-இல் இதே நான்கு மடங்கைத்தான் சொன்னார்கள். அங்கேயும் கையில் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

‘அருகில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதில்லையா? அதனால் மட்டும் கவனம் கெடாதா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் இதையும் சோதித்துப் பார்த்தனர். வண்டி ஓட்டுவது போன்ற அமைப்பில் சிலரை உட்காரவைத்து, சற்றுத் தூரம் சென்றபின் ஓர் இளைப்பாறும் இடத்தில் திரும்பி நிறுத்துமாறு சொன்னார்கள். சிலர் அருகில் அமர்ந்த நண்பரோடு பேசினர். சிலர் கைப்பேசியில் பேசினர். நண்பரோடு பேசியவர்களில் மிகச் சிலரே திரும்பும் இடத்தைத் தவறவிட்டனர். கைப்பேசியில் பேசியவர்களிலோ பலர் அதைக் கவனியாமலே கடந்து சென்றனர். காரணம் எளியது. அருகில் இருப்பவர் சாலையைத் தாமும் பார்க்கிறார். நெரிசல் கண்டால் பேச்சை நிறுத்துகிறார். ‘அதோ, திரும்பவேண்டிய இடம்’ என்று நினைவூட்டுகிறார். தொலைவில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. அவர் பேசிக்கொண்டே போகிறார். ஆகவே, பேச்சு ஒன்றே கேடு செய்வதன்று. குருடான பேச்சே கேடு செய்கிறது.

இதை ஏட்டறிவாக மட்டும் அறிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்திருக்கமாட்டேன். எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஓர் இளைஞன் குடியிருந்தான். கும்பகோணத்துக்காரன், தந்தையை இளமையிலேயே இழந்தவன். நொய்டாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. என்னை ‘மாமா’ என்றுதான் அழைப்பான். பொங்கலன்று என் மனைவி கொடுத்தனுப்பும் சர்க்கரைப் பொங்கலின் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெறுமையாய்த் திருப்பித் தரக்கூடாதென்று இரண்டு வாழைப்பழங்களை வைத்துக் கொண்டுவருவான். அவன் தாய் வளர்த்த வளர்ப்பு அது.

நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அந்தத் தாய் அவனைக் கூப்பிடுவார். ஏழு மணி என்பது கும்பகோணத்தில் விளக்கேற்றி முடித்த அமைதியான வேளை. தில்லியில் அலுவலகம் விட்டு வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு திரும்பும் வேளை. பையன் கவனமானவன்தான். கைப்பேசியைக் கையில் எடுக்கவேமாட்டான். அது சட்டைப்பைக்குள் இருக்கும். காதில் சிறு கருவி. தலையில் நல்ல கவசம். இரு கைகளும் கைப்பிடியில். போலீஸ்காரர் எவரும் அவனை ‘கையும் களவுமாக’ப் பிடித்திருக்க முடியாது. சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒருநாள், தங்கையின் திருமணத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டது என்று தாய் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்னே சென்ற சரக்கு வண்டி ஒன்று இடப்புறம் திரும்பியது. அது திரும்பும் விளக்கைப் போட்டுக் காட்டியதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இவன் பார்க்கவில்லை. கண் அங்கேதான் இருந்தது. கருத்து கல்யாண மண்டபத்தில் இருந்தது.

உயிர் பிழைத்தான். இடக்கால் முழங்காலுக்குக் கீழே மூன்று இடங்களில் முறிந்தது. இன்றும் ஊன்றுகோல் இன்றிப் படியேற இயலாது. ஆனால் நான் சொல்ல வந்தது அவன் காலைப் பற்றி அன்று. விபத்து நடந்த மறுநாள் இரயிலேறி வந்த அவன் தாய், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்ன சொல்லைப் பற்றி.

“நான் பேசிக்கொண்டே இருந்தேன், அண்ணா. ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.”

சாலையில் விழுந்து கிடந்தவனின் சட்டைப்பையில் அந்த மணி ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த அம்மையார் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மகனும் கருவியைக் கையால் தொடவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் அமைதி போய்விட்டது. இப்போது அவர் மகனைக் கூப்பிடுவதில்லை. அவனாகக் கூப்பிடும்வரை காத்திருக்கிறார். அவன் கூப்பிட்டாலும், “உட்கார்ந்திருக்கிறாயா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறார்.

ஊரைவிட்டு வந்து வாழும் நம் போன்றோருக்கு இது வேற்றார் கதை அன்று. தொலைபேசி நமக்கு வெறும் கருவியாக ஒருபோதும் இருந்ததில்லை. இந்தியாவில் இடையாளின்றி நேரே வெளியூருக்குப் பேசும் வசதி லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960-இல்தான் முதன்முதலாக ஏற்பட்டது. அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள், டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். பின்னர் வந்த எஸ்.டி.டி. கடைகளில், இரவில் கட்டணம் குறையும் வேளை பார்த்து வரிசையில் நின்று, ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே, ‘எல்லோரும் சௌக்கியந்தானே?’ என்று அவசரம் அவசரமாகப் பேசி முடித்தோம். 1995 ஜூலை 31-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு கைப்பேசியில் பேசினார். நாட்டில் கைப்பேசிக் காலம் அன்று தொடங்கியது. இன்று பேச்சுக்குக் காசு ஒரு பொருட்டன்று, நேரமே அரிது. நேரம் கிடைக்கும் இடமோ, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடைப்பட்ட சாலை. ஆகவே, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரிய நேரத்தைச் சாலையிலிருந்து கடன் வாங்குகிறோம். அன்பினால் செய்யும் காரியம் என்பதாலேயே இதன் அபாயம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேறு சிலருக்கு அன்பு மட்டுமன்றிச் சோறும் அதே கருவிக்குள் இருக்கிறது. அண்மையில் வாடகைக் கார் ஒன்றில் சென்றேன். ஓட்டுநர் பீகாரிலிருந்து வந்தவர். முன்கண்ணாடி ஓரத்தில் பொருத்தியிருந்த கைப்பேசி இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தது. வழி காட்டுவதும் அதுவே. அடுத்த சவாரி வந்திருக்கிறது என்று கூவுவதும் அதுவே. சில நொடிகளுக்குள் விரலால் தொட்டு ஏற்காவிட்டால் அந்தச் சவாரி பிறருக்குப் போய்விடும். இடையில் அவர் மனைவியும் கிராமத்திலிருந்து கூப்பிட்டார். “ஓரமாக நிறுத்திப் பேசுங்களேன்” என்றேன். அவர் சிரித்தார். “ஐயா, நிறுத்துவதற்குச் சாலையில் ஓரம் எங்கே இருக்கிறது? நிறுத்தினால் சவாரிக்கு நேரம் எங்கே இருக்கிறது?” என்றார். அபராதம் விதிக்கும் அரசு ஒருபுறம். ஓடும்போதே விரலால் தொடு என்று விதிக்கும் தொழில்முறை மறுபுறம். உணவுப் பொட்டலம் சுமந்து ஸ்கூட்டரில் விரையும் இளைஞர்களின் நிலையும் இதுவே. இவர்களைத் தண்டித்துவிட்டு, கட்டளையிடும் கருவியின் அமைப்பை அப்படியே விட்டுவைப்பது, அம்பை நொந்து எய்தவனை மறப்பதாகும்.

அப்படியானால் தடைச்சட்டம் வீண்தானா? அப்படிச் சொல்வதும் நியாயம் ஆகாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2001-இல் கையில் பிடித்துப் பேசுவதற்குத் தடை விதித்தது. அங்கும் அதைப் பின்பற்றிய வேறு சில இடங்களிலும் கைப்பேசியை ஏந்தி ஓட்டுவோர் தொகை குறைந்தது. அக்குறைவு பல ஆண்டுகள் நிலைத்தும் நின்றது. ஆனால் செய்தி எழுதுவதைத் தடை செய்த கலிபோர்னியா, லூசியானா, மின்னசோட்டா, வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்களின் காப்பீட்டுக் கணக்குகளை 2010-இல் ஆராய்ந்தபோது, மோதல்கள் குறைந்திருக்கவில்லை. மூன்று மாநிலங்களில் சற்றுக் கூடியும் இருந்தன. போலீஸ்காரர் கண்ணுக்குப் படாதிருக்கவேண்டி, ஓட்டுபவர்கள் கைப்பேசியை இன்னும் தாழ்த்தி மடியில் வைத்துக்கொண்டதால் கண் சாலையைவிட்டு மேலும் விலகியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். களவைத் தடுக்கப் போய், களவைக் கற்பித்த கதையாயிற்று.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதாவது ஒரு மணி நேரத்துக்குப் பத்தொன்பது பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அரசின் அறிக்கை, நூற்றுக்கு 71 சாவுகளுக்கு மிகுவேகத்தைக் காரணமாகக் காட்டுகிறது. கைப்பேசிக்கு மிகச் சிறிய பங்கையே தருகிறது. வேகத்தை நசுங்கிய இரும்பு சொல்லிவிடும். கருத்து எங்கே இருந்தது என்பதை எந்த இரும்பும் சொல்லாது. எங்கள் வீட்டுப் பிள்ளையின் விபத்தும் ‘முன்சென்ற வண்டியில் மோதியது’ என்றுதான் பதிவாயிற்று. ஆகவே, அறிக்கையில் பங்கு சிறிது என்பதால் தீமை சிறிது என்று எண்ணிவிடலாகாது. அதுபோலவே, கைப்பேசியை ஒழித்துவிட்டால் சாலைகள் சொர்க்கமாகிவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. வேகம் அடங்கவேண்டும், சாலையோரத்தில் நின்று பேச இடம் வேண்டும், நடப்பவர்க்கு நடைபாதை வேண்டும். தடைச்சட்டம் இவற்றோடு சேர்ந்து நிற்கவேண்டிய ஒரு தூண்; அது ஒன்றே கூரையைத் தாங்காது.

என் முடிவு இது: சட்டம் கையைப் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணையும் கருத்தையும் காக்கும் பொறுப்பு வேறு இருவரிடம் இருக்கிறது. ஒருவர், தொழிலை ஏவுபவர். ஓடும் வண்டியில் இருப்பவரிடம் பதில் கேட்காதபடி கருவியை அமைக்க அவர்களால் முடியும். வண்டி ஓடும்போது அழைப்புகளையும் செய்திகளையும் தானே அடக்கிவைக்கும் ஏற்பாடு பல கைப்பேசிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொழிலின் விதியாக்கவேண்டும் என்று அரசு அவர்களைப் பணிக்கலாம். மற்றொருவர், அழைப்பவர். இந்த இரண்டாமவர் நாமே.

ஓட்டுபவரைத் திருத்தவேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் இரண்டு முனைகள் உண்டு என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். வண்டியில் இருக்கும் முனையைப் போலீஸ்காரர் ஓரளவு பார்க்கலாம். கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள முனையை எந்தப் போலீஸ்காரர் பார்ப்பார்? அதை அன்புதான் பார்க்கவேண்டும்.

எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில, அந்த விபத்துக்குப் பின் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம். பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அன்று. பிள்ளைகளை அழைத்தால் முதற்கேள்வி, ‘சாப்பிட்டாயா?’ என்பது அன்று, ‘வண்டியில் இருக்கிறாயா?’ என்பதுதான். ‘ஆம்’ என்றால், ‘வீடு சேர்ந்ததும் கூப்பிடு’ என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிடுகிறோம். ‘இதோ ஒரு நிமிஷந்தான்’ என்பதற்கு இடமில்லை. மூன்று முறை மணி அடித்தும் எடுக்கவில்லையென்றால், பிள்ளை கவனமாக ஓட்டுகிறான் என்று மகிழ்கிறோம். மீண்டும் மீண்டும் அழைத்து அவனைப் பதறவைப்பதில்லை. ஊரில் இருக்கும் பெற்றோர்களுக்கும் இதைச் சொல்லி, பேசும் வேளையை இரவு ஒன்பதுக்கு மாற்றச் செய்திருக்கிறோம். முதலில் அவர்களுக்கு மனத்தாங்கல்தான். “பெற்ற பிள்ளையோடு பேச நேரம் குறித்துக்கொடுக்கிறார்களே!” என்று ஒரு பாட்டியார் குறைப்பட்டார். இப்போது அவரே, “ஒன்பது மணிக்கு நிம்மதியாக அரை மணி நேரம் பேசுகிறான், முன்பெல்லாம் ஹாரன் சத்தந்தான் கேட்கும்” என்கிறார்.

இவ்விதழ் தலைநகரில் மட்டுமன்றி, நம் அன்பர்களின் வழியாக ஊரிலுள்ள பெரியோர் சிலர் கைக்கும் போய்ச் சேர்கிறது என்று அறிவேன். அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: உங்கள் பிள்ளை பதில் சொல்லாத நேரங்களில் கோபம் கொள்ளாதீர்கள். மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றும்போது அவன் நலமாக வீடு சேரவேண்டுமென்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நினைப்பு அவன் கவனத்தைக் கலைக்காது. மூன்றாம் மாடிப் பிள்ளை அடுத்த மாதம் முதல் அலுவலகம் போகப்போகிறான். இனி மெட்ரோ இரயிலில். அதில் உட்கார இடம் கிடைத்தால் அம்மாவோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று என்னிடம் சொன்னான்.